அப்பளம் உடைகிற இடம்

கிர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகுதான் டிவியில் கோடு கோடாக ஒரு கல்யாணம் தெரிந்தது. பழைய கேசட்டிலிருந்து புது டிஸ்க்குக்குப் படத்தை மாற்றிக்கொண்டிருந்த ரெக்கார்டர் சட்டென்று நின்றது.

"நலங்கு முழுக்கப் பாழாப் போச்சு. இதைத் தாண்டிப் போயிடலாம்" என்றது ரெக்கார்டர்.

"ஆமாண்ணே, என் மேல கோடு விழவேண்டாம்" என்றது டிஸ்க்.

"தாண்டிப் பாரு. என் நாடாவை உன் வயித்துக்குள்ளயே சிக்க வச்சிடுவேன்" என்றது கேசட்.

"பதிஞ்சு முடிஞ்சதும் குப்பைக்குப் போற ஜென்மம் நீ. உனக்கு இவ்வளவு திமிரா?" என்றது ரெக்கார்டர்.

"போறேன். அதுக்கு முன்னாடி இதை எடு. கல்யாணப் பொண்ணு கோமளா, மாப்பிள்ளை தலையில அப்பளம் உடைக்கிறா, தெரியுதா?"

"கோடுதான் தெரியுது. இதை எவன் பார்ப்பான்?"

"அவ பார்ப்பா. அந்த மனுஷன் செத்துப்போனப்புறம் இந்த இடத்தை மட்டும்தான் திருப்பித் திருப்பிப் போட்டா. நான் தேய்ஞ்சதே அதனாலதான்."

"கோடு விழுந்தா விழட்டும்ணே" என்றது டிஸ்க்.

ரெக்கார்டர் நாடாவை நலங்கின் தொடக்கத்துக்குத் திருப்பிக்கொண்டுவந்து, மறுபடி பதிய ஆரம்பித்தது.