ஒரு மூச்சு நிலம்

"இறக்கு. அந்த மனுஷனைக் கீழே இறக்குன்னு சொல்றேன்" என்றாள் நாலிமே.

தொவாக்கு இறக்கவில்லை. தன் பெரியப்பா ஹூரேயை முதுகில் சுமந்தபடி அண்ணி வீட்டு வாசலில் நின்றான். ஹூரேக்கு இளைப்பு நோய். எழுந்து நடந்தே வெகுகாலம் ஆயிற்று. அந்த மனிதரைப் பாயோடு வாரிக்கொண்டு வந்திருக்கிறான் பாவி.

நாலிமேயின் கணவன் எராசியைக் கடல் கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓலாவித் தீவில் புருஷன் செத்தால் மனைவிக்கு வீட்டு வாசலிலிருந்து ஒரு மூச்சு நிலம். செத்தவனின் ரத்த உறவில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மூச்சு விட்ட இடத்தில் கோல் ஊன்றுவார்கள். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் செத்தவனின் தம்பிக்கு.

அப்பால் உள்ளது சீமைப்பலாத் தோப்பு. கடற்கரை வரைக்கும் நீளும். பாறையை உடைத்து, மண் சுமந்து கொட்டி, எராசியும் அவளும் வளர்த்த மரங்கள். தொவாக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. பழம் மட்டும் கூடை கூடையாக வாங்கிப் போவான்.

"முத்துக் குளிக்கிறவங்க எத்தனை பேர் உங்க வம்சத்துல. இளைப்புக்காரர்தான் கிடைச்சாரா உனக்கு?"

"அவங்க எல்லாம் கடலுக்குப் போயிட்டாங்க அண்ணி."

"போனாங்களா, நீ அனுப்பி வெச்சியா?"

தொவாக்கு இளித்தான்.

நாலிமே திரும்பினாள். "பெரியம்மா, நடக்கவே முடியாதவரைச் சுமந்துட்டு வந்து அளக்கறது நியாயமா?"

தீவில் அளவு சொல்லும் தலைவி மாத்தேகி, கையில் நாரை இறகோடு நின்றாள். "நியாயம் இல்லைதான். ஆனா வழக்கத்துல இடம் இருக்கு. கால் யாரோடதா இருந்தாலும் சரி, மூச்சு எராசி ரத்தத்தோடதா இருக்கணும். அவ்வளவுதான்."

ஹூரே மூச்சை அடக்கியதும் இறகை அவர் மூக்கடியில் பிடித்தாள். தொவாக்கு வேகமாக நடந்தானா? சாமி ஊர்வலம் மாதிரி அசைந்து அசைந்து போனான். வாசலில் இருந்த மண் அடுப்பைத் தாண்டியதுமே இறகு படபடத்துவிட்டது. அங்கேயே கோலை ஊன்றினார்கள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்று இருமலுக்கு நடுவே அழுதார் ஹூரே.

"உங்களைச் சொல்லி என்ன மாமா" என்றாள் நாலிமே. தொவாக்குவிடம் திரும்பினாள். "எனக்கு அடுப்பு, உனக்குத் தோப்பு. வெக்கமா இல்லையாடா? அந்தப் பாறையை உடைச்சு உடைச்சு உங்கண்ணன் கை காய்ச்சுப் போனது உனக்குத் தெரியாதா?"

"தனி ஆளுக்குத் தோப்பு எதுக்கு அண்ணி? பிள்ளையா குட்டியா? அண்ணனும் பத்து வருஷமாப் பார்த்துட்டுத்தானே இருந்தான்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா இது? நாலிமே அழவில்லை.

மாத்தேகிக்கே பொறுக்கவில்லை. "நாலிமே, உனக்கும் ஒரு தடவை உரிமை உண்டு. எராசி ரத்தத்துல ஒரு ஆளை நீயும் நிறுத்தலாம். எந்த மூச்சு தூரமாப் போகுதோ அதுதான் அளவு."

"யார் வருவாங்க?" என்றான் தொவாக்கு. "எங்க ரத்தத்துல என்னை மீறி இவங்களுக்காக ஒரு ஆள் வரட்டும், பார்க்கலாம். வந்தா அந்த அளவை மறுபேச்சு இல்லாம ஒத்துக்கறேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் நாலிமே.

"கேட்டுக்கிட்டோம்" என்றது கூட்டம்.

"ஒரு ஆள் இருக்கு. ஆனா நடக்க வராது. நான்தான் சுமக்கணும்."

"தாராளமாச் சுமங்க. ஹூரேக்கு மேல ஒரு நோயாளியைத் தேடிப் பிடிச்சீங்களா?"

நாலிமே மாத்தேகியின் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். தீவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த கை அது. கிழவி கண்ணை மூடி அழுத்திப் பார்த்தாள். பிறகு தொவாக்குவைப் பார்த்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"உங்கண்ணன் ரத்தம்தான். நாலு மாசம் இருக்கும்."

நாலிமே அடுப்பைத் தாண்டினாள், கோலைத் தாண்டினாள், தோப்புக்குள் நடந்துகொண்டே இருந்தாள். இன்னும் மூச்சு விடவே ஆரம்பிக்காத பிள்ளைக்கு இறகை எங்கே பிடிப்பது என்று தெரியாமல், மாத்தேகியும் அவள் பின்னாலேயே கடல் வரைக்கும் நடந்தாள்.