தொள்ளாயிரம் பக்கம்

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நாவல் எழுதுவதற்காக இரவு ஷிப்ட் வேலையை விட்ட அவன், மூன்று வருடமாக அவனுக்குச் சோறு போடும் மனைவி, மாமனார், ஹார்ட் டிஸ்க் பழுதுபார்ப்பவர். நடுவில், உயிரை விட்ட டிஸ்க்கும் அவன் லேப்டாப்பும்.

"தொள்ளாயிரம் பக்கம் மாமா. எல்லாம் போச்சு," என்றான் அவன். குரல் நன்றாகவே கம்மியது.

"போகலை சார். ஒரு எழுத்து விடாம மீட்டுட்டேன்," என்றார் பழுதுபார்ப்பவர்.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் லேப்டாப்பை மூடக் கை நீட்டினான்.

மனைவி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். மீட்டெடுத்த நாற்பத்தோரு கோப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரே பக்கம், அதில் ஒரே வரி. 'சமர்ப்பணம்: பொறுமையாகக் காத்திருந்த என் மனைவிக்கு.' கடைசிக் கோப்பில் மட்டும் 'மிகவும்' சேர்ந்திருந்தது.

"இது கீழ விழுந்து உடைஞ்சதில்ல மேடம். சுத்தியல் அடி," என்றார் பழுதுபார்ப்பவர்.

"தெரியும். நாவலைப் படிக்கக் கேட்டேன். ஆணி அடிக்கணும்னு என்கிட்டயே சுத்தியல் வாங்கிட்டுப் போனார்."

"அதையாவது முழுசா அடிச்சு முடிச்சிருக்கலாமே மாப்ள," என்றார் மாமனார்.

அவனுக்கும் அதே வருத்தம்தான்.

மனைவி லேப்டாப்பை அவன் கையில் திணித்து, எழுத்தறைக்குள் தள்ளினாள்.

"முதல் அத்தியாயம் முடிஞ்சதும் கதவைத் தட்டுங்க."

அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. வெளியே சாவி இரண்டு முறை திரும்பியது.