காற்றுத் திருகு

"இருளாண்டி என் டேங்க்ல கை வைக்கிறான். எங்க வேணா சத்தியம் பண்ணுவேன்!"

ஜெகதாப்பட்டினம் கடற்கரையில், போட் மெக்கானிக் கோபிநாத்தின் ஷெட்டே அதிரும்படி கத்தினார் ரத்தினவேல்.

இருளாண்டி வேறு யாருமில்லை, அவருடைய தங்கச்சி புருஷன். இருபது நாளைக்கு முன்னால் அவன் படகு மோட்டரின் விசிறி இவருடைய நண்டு வலையை அறுத்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. இவர் படகு மோட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அதற்கு மறுநாளிலிருந்துதான். ரத்தினவேலுக்கு வேறு சாட்சி எதற்கு?

"சாயந்தரம் ஊர்க்கூட்டத்துல சொல்லப்போறேன். ஒரு மாசம் அவனைக் கடலுக்குப் போக விடாமப் பண்ணலேன்னா பாரு!"

"ஒரு மாசம் தொழிலுக்குப் போகலேன்னா ஒங்க தங்கச்சி என்னத்தண்ணே சாப்பிடும்?"

"அதை அவன்ல யோசிச்சிருக்கணும்!"

"இருங்கண்ணே, மொதல்ல மோட்டரைப் பாப்போம்."

பதினாறு வருஷத்துப் பழைய மோட்டர். கோபிநாத் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தான். டேங்க்கிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"சொட்டுத் தண்ணி இல்லண்ணே."

"அப்ப வேற எதையோ கலக்குறான். கால் மணி நேரம் சூப்பரா ஓடுது. அப்பறம் திணறித் திணறி நின்னுடுது. மூடியைத் தொறந்து பெட்ரோல் கெடக்கான்னு பாத்துட்டு மூடுனா மறுபடி ஓடுது. செய்வினையாட்டம்ல இருக்கு!"

சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைப் பழையபடி இறுக்கினார்.

கோபிநாத் மோட்டரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டினான். சரியாகக் கால் மணி நேரம். திணறியது, நின்றது.

"பாத்தியா?" என்றார் ரத்தினவேல், கேஸில் ஜெயித்தவர் மாதிரி.

கோபிநாத் மோட்டரைப் பார்க்கவில்லை. டேங்க்கைப் பார்த்தான். அந்த பிளாஸ்டிக் டேங்க் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. மூடிமேல் இருந்த சின்னத் திருகை விரலால் அசைத்தான், அசையவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருகியதும் புஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டு டேங்க் உப்பியது.

"இதை யாருண்ணே இப்புடி முறுக்குனது?"

"நாந்தான். சண்டை வந்த அன்னிக்கே முறுக்கிட்டேன். அவன் அந்த வழியா எதையாச்சும் ஊத்திடக் கூடாதுல்ல?"

"அண்ணே, இது உள்ள காத்து போற வழி. மோட்டர் ஓடுறப்ப தொறந்திருக்கணும். இதை அடைச்சா பெட்ரோல் எப்புடி எறங்கும்? இருபது நாளா ஒங்க மோட்டரு கழுத்தை நெரிச்சது நீங்கதான்."

ரத்தினவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவேண்டுமே!

"சரி, டேங்க்ல கை வைக்கலேன்னே இருக்கட்டும். தெனம் என் பின்னாடியே வந்து, வலைகூட விடாம, நான் மோட்டர் நின்னு தவிக்கிறதை வேடிக்கை பாக்குறானே, அதுக்கு என்ன சொல்ற?"

கோபிநாத் பதில் சொல்வதற்குள் அவன் செல்போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"தம்பி, இருளாண்டி பேசுறேன்."

ரத்தினவேல் பல்லைக் கடித்தார்.

"மச்சான் மோட்டரு சரியாயிருச்சா? நான் கேட்டேன்னு சொல்லிப்புடாத, எரிஞ்சு விழுவாரு. சரியாயிருச்சுன்னா சொல்லு, நாளைக்காச்சும் தொழிலைப் பாக்குறேன், வீட்டுல பொட்டு அரிசி இல்ல. சரியாகலேன்னாலும் சொல்லிரு தம்பி. நாளைக்கும் வலையைக் கரையில போட்டுட்டு, அவரு படகைக் கட்டி இழுக்கக் கயித்தை மட்டும் ஏத்திக்கிட்டு பின்னாடியே போறேன்."