லயத்துக்கு வந்த தண்ணீர்

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டம் தொழிற்பேட்டையாக மாறியது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கிணற்றை மூட அங்குள்ளவர்களிடம் சம்மதம் வாங்கித் தரும்படி பேட்டை மேலாளர் ஸ்கந்தராஜா இந்திராணியைக் கேட்டுக்கொண்டார். அவள் லயத்துப் பெண். பேட்டையின் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பவள்.

"குளிக்க, துவைக்க, சுத்திகரிச்ச தண்ணி முதல்ல லயத்துக்குத்தான் தங்கச்சி. என்னை நம்புங்க."

அவள் அவரை நம்பினாள். லயம் அவளை நம்பியது. கிணறு மூடப்பட்டதும் தண்ணீர் முழுவதும் தொழிற்சாலைகளுக்குப் போனது. லயத்துக் குழாய்களில் காற்றுதான் வந்தது.

சில வாரங்களில் நிலையத்துத் தண்ணீர் விடியலில் வெள்ளையாக வரத் தொடங்கியது. வடிகட்டிகளை மாற்றியும் பயனில்லை. வெயில் ஏறியதும் தானே தெளிந்துவிடும். மழை பெய்த காலைகளில் வெள்ளையே இல்லை. இந்திராணி கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டில் ஊற்றி அமிலம் சேர்த்தாள். அது ரப்பர் பால் போல உறைந்தது, இழுத்தால் நீண்டது.

பக்கத்து வீட்டு வீரம்மா, ரப்பர் மரம் சீவிய பழைய பால்வெட்டுக்காரி, மழைநாள் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"மழையில யாரு பால் வெட்டுவா?"

"மரமே இல்லையேக்கா."

"அது எனக்குத் தெரியும்லா. செத்தும் வெட்டுறவங்களுக்கு யாரு சொல்றது?"

மறுநாள் நிலையத்தில் வெள்ளை வரவில்லை. யாரும் வால்வைத் திறக்காமலே லயத்துக் குழாய்களில் தெளிந்த நீர் கொட்டியது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். இந்திராணியும் ஓடிப்போய்த் தன் வாசல் குழாயைத் திருகினாள். அவள் வாளியில் மட்டும் வெள்ளையாக விழுந்தது.

"நானுந்தானேக்கா ஏமாந்தேன்."

வீரம்மா அந்த வாளியை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.