ஊதா அங்கி

நாளெல்லாம் மூட்டை இறக்கிய அலுப்பிலும் அவன் கண்ணாடி முன் விறைப்பாக நின்றான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பைசாண்டியப் பேரரசின் அரண்மனை உடையை, நூலகப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தைத்திருந்தாள் மனைவி. அந்த ஊதா அங்கி இப்போது அவன் தோளில்.

"ஆடாதீங்க, ஊசி குத்தும்."

"நம்ம வீட்டுத் திரைச்சீலை மாதிரி இருக்கே?"

"அதேதான். வாயை மூடிட்டு நில்லுங்க."

"நாளைக்கு விழா நாடகத்துல என்னைப் பார்க்கக் கோடவுன் ஆளுங்களையெல்லாம் வரச் சொல்லிட்டேன். சக்கரவர்த்திக்கு மீசை உண்டுதானே?" அவன் மீசையை முறுக்கினான்.

"உண்டு, தாடியும் உண்டு." கடைசி முத்தைக் கோத்துவிட்டு அவள் குரல் கொடுத்தாள். "அத்தை, உங்க உடை தயார்!"

"அம்மாவுக்கா?"

"மகாராணி உடைங்க இது. அந்த அரண்மனையில ராஜாவுக்கும் ராணிக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். உங்களுக்கும் அத்தைக்கும் ஒரே உயரம், ஒரே தோள். முட்டிவலிக்காரங்களை எவ்வளவு நேரம் நிக்க வெக்கிறது? அதான் உங்களை நிறுத்தினேன்."

"அப்போ நான் யாரு?"

"அரியணைக்குப் பின்னால விசிறி பிடிக்கிற அந்தப்புரச் சேவகர். அவங்களுக்கு மீசை கிடையாது."

அவன் கை தானாக மீசையைப் பொத்தியது. உள்ளேயிருந்து அம்மா வந்தாள், கையில் ரேசரோடு.

"உக்காருடா. ராணி உத்தரவு."