ஒரே பஸ்ஸில் போனவர்கள்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காலை வெயில் நீளமாக விழுந்து கிடக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பழைய பஸ் டிரைவர், தன்னைப் பார்க்க வந்திருக்கும் பழைய கண்டக்டரின் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ஒரே வயது. ஓய்வு பெறும்வரை ஒரே பஸ். டிரைவருக்கு நெஞ்சில் அடைப்பு, சர்க்கரை, வீங்கிய பாதம். கண்டக்டரோ, நெரிசலில் டிக்கெட் கிழித்த பழக்கம் விடாமல், தாழ்வாரத்தில் போவதும் வருவதுமாக இருக்கிறார். வயிறு தட்டையாக இருக்கிறது. டிரைவருக்கு வயிறு எரிகிறது. "உனக்கென்னடா, நின்னே சம்பாதிச்சே. நான் உக்காந்தே ஒடம்பக் கெடுத்துக்கிட்டேன்." கண்டக்டர் சிரிக்கிறார். "அப்போ வயிறு எரிஞ்சது எனக்குத்தான். ராஜா மாதிரி உக்காந்துட்டு வருவியே!" டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நர்ஸ் வந்து, "ஐயா, அந்தக் கடைசி ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டுங்க, நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறாள். டிரைவர் எழுந்து நடக்கிறார், கண்டக்டரும் கூடவே வருகிறார். பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறது. நிற்க வெட்கம், அதிலும் இவன் முன்னால் நிற்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைக்கிறார். கண்டக்டர் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தேய்க்கிறார். "இருடா, கால் கடுக்குது. கொஞ்சம் நிக்கலாம்." பொய் என்று டிரைவருக்குத் தெரியும். எரிச்சல் முழுதும் அணையவில்லை. ஆனாலும் மூச்சு சீராகும்வரை அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "உனக்கு வயசாயிடுச்சுடா" என்கிறார். "ஆமாடா" என்கிறார் கண்டக்டர், தோளை அசைக்காமல்.