ஈரான்காரர் அரபியா?

“ஏங்க மாப்ள, அந்தச் சவுதிப் பக்கம் இருக்கறவங்க எல்லாருமே அரபிங்கதானுங்களே?” என்று கேட்டார் சின்னராசு.

பெண்ணின் தாய்மாமன். சவுதியில் ஒன்பது வருசம் சிமென்ட் சுமந்துவிட்டு, மலைமேல் தன் ஊர்க்கூட்டமான வளப்பூர் நாட்டுக்குத் திரும்பி மிளகு போட்டவர்.

அவர் முன்னால் வெற்றிலைத் தட்டு இருந்தது. அந்த வீட்டில் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற வழக்கமே கிடையாது. தாய்மாமன் வெற்றிலையை எடுத்தால் கல்யாணம். தட்டைத் தள்ளினால் வந்தவர்கள் பஸ் ஏற வேண்டியதுதான்.

பெண் பார்க்க வந்த இளங்கோவுக்கு உயிர் வந்தது. முதல் கேள்வியே படித்த கேள்வி.

இல்லீங்க மாமா என்று ஆரம்பித்தான். ஈரான்காரர்களில் பெரும்பாலோர் அரபிகள் இல்லை, அவர்கள் பேச்சு பாரசீகம். துருக்கிக்காரர்கள் வேறு. குர்து மக்கள் நாலு நாட்டில் பிரிந்து கிடக்கிறார்கள், தங்களுக்கென்று ஒரு நாடு இல்லாமல்.

மாமா வாய் பிளந்து கேட்டார். சரி, அரபிகள் எல்லாரும் முஸ்லிம்தானே என்றார்.

அதுவும் அவன் படித்து வந்த பட்டியலில் இருந்தது, பதினோராவதாக. லெபனானிலும் சிரியாவிலும் கிறிஸ்தவ அரபிகள் காலங்காலமாக இருக்கிறார்கள் என்றான். கேட்காமலே பன்னிரண்டாவதையும் சேர்த்துக்கொண்டான். முஸ்லிம்கள் அதிகம் இருப்பது அரபு நாட்டில் இல்லை, இந்தோனேசியாவில்.

பக்கத்தில் அவன் அம்மா மாதம்மாள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மகன் மூன்று வருசம் சவுதியில் இருந்தான் என்று தேவனூர் நாடு முழுக்கச் சொல்லி வைத்தவள் அவள்தான். பாவம், அவளுக்கும் தெரியாது.

இளங்கோ சவுதியைப் பார்த்ததே இல்லை.

ஏஜென்ட் மும்பை வரை கூட்டிப்போய் லாட்ஜில் உட்காரவைத்தான். சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று பாஸ்போர்ட்டோடு கிளம்பியவன் திரும்பவில்லை. ஊருக்கு வர வெட்கப்பட்டு, அங்கேயே ஒரு ஓட்டலில் மூன்று வருசம் பாத்திரம் கழுவினான் இளங்கோ.

இது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். பார்க்க வந்த பெண் ராதிகாவுக்கு.

முந்தாநாள் நம்பர் கிடைத்ததுமே அவளுக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டான். பொய் சொல்லித் தாலி கட்ட மனசு வரவில்லை. மாமாவிடமும் நேரில் சொல்லிவிடுகிறேன் என்றான்.

அவள் பதறிவிட்டாள். வேண்டவே வேண்டாம், ஏமாந்து வந்த ஆள் என்று தெரிந்தால் மாமா வெற்றிலையைத் தொடக்கூட மாட்டார் என்று எழுதினாள். சவுதி என்றே இருக்கட்டும், நான் சொல்லித் தருகிறேன்.

அப்போது அவன் ஒன்று கேட்டான். உனக்கு என்னைப் பிடித்திருக்கிறதா?

அதற்குப் பதில் வரவில்லை. நேற்று மத்தியானம் ஒவ்வொன்றாக நாற்பது கேள்விகள் வந்தன, விடைகளோடு. அரபி என்றால் யார், ஈரான்காரர் அரபியா, இஸ்லாம் வருவதற்கு முன்னால் அரபிகள் எதைக் கும்பிட்டார்கள். ஒன்று விடாமல் படித்துவிடுங்கள், மாமா கேட்டதும் கடகடவென்று சொல்லுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டான். பலாமரத்தடியில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக்குக்கூடப் படிக்காத மாதிரி படித்தான்.

இப்போது மாமா தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தார். பிறகு சும்மா கேட்கிற மாதிரி, ஒரு ரியாலுக்கு எத்தனை குப்பூஸ் கொடுத்தார்கள் என்றார்.

குப்பூஸ் என்பது அங்கே கூலிக்காரன் மூன்று வேளையும் தின்கிற ரொட்டி. அது நாற்பதில் இல்லை.

இளங்கோ தரையைப் பார்த்தான்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். ஒன்பது வருசத்தில் குர்து என்ற பேரையே தான் கேட்டதில்லை என்றார். வேலை வாங்குகிறவன் எல்லாம் அரபி, அவ்வளவுதான் தெரியும். மூட்டை தூக்குகிறவனை உட்காரவைத்து யார் சரித்திரம் சொல்லித் தருவார்கள்? உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

சமையலறை வாசலில் ராதிகா நின்றிருந்தாள்.

அவள் பேரைச் சொல்லிவிடலாம். ஆனால் கல்யாணப் பேச்சு முடியும் முன்பே பையனோடு போனில் பேசியவள் என்று ஆகிவிடும். அவன் சொல்லவில்லை. நானே பார்த்துப் படித்தது என்றான். மும்பைக் கதையை மட்டும் நாலு வரியில் சொல்லி முடித்தான். அந்த நேரத்திலும் அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளே ஒரு பெருமை இருந்தது, முட்டாளுக்கு.

மாதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சின்னராசு தட்டைத் தள்ளினார்.

“இதை வந்தவுடனே சொல்லியிருந்தா வெத்தலைய எடுத்திருப்பேன், சாமி. நானும் மொதத் தடவ பாம்பேல ஏமாந்து ஆறு மாசம் தெருவுல கெடந்தவன்தான். பொய்யி மட்டும் எனக்கு ஆகாது. எங்க ராதிகாவ வேணா கேட்டுப் பாரு, சின்னதுல அந்தப் பாம்பே கதையச் சொன்னாத்தான் சோறே திம்பா.”

இளங்கோ நிமிர்ந்து பார்த்தான். வாசலில் அவள் இல்லை.

பஸ் வரும்வரை மாதம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் போனை எடுத்துத் திறந்தான்.

நாற்பது கேள்விகளும் இருந்த இடத்தில் வரிசையாக, இந்த மெசேஜ் நீக்கப்பட்டது என்று இருந்தது. சொல்லித் தருகிறேன் என்றதும் இல்லை. அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லை.

அவன் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது, கடைசியில், உனக்கு என்னைப் பிடித்திருக்கிறதா? பக்கத்தில், அவள் படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீல டிக்.